மருந்துதானுங்களே?

ஹரிப்பிரியாவின் மூக்கிலிருந்து ரத்தம் வழிவது நிற்கவில்லை. பஞ்சை மாற்றிக்கொண்டே டாக்டர் நவநீதன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான் எழுதிக் கொடுத்தது போக வேற மருந்து ஏதாச்சும் எடுக்கறீங்களாம்மா?"

"எதுவும் இல்லீங்க டாக்டர்."

மேசை மேலிருந்த வாய்மைக்காட்டியில் பச்சை எரிந்தது. உண்மைதான் சொல்கிறார். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

திருப்பூரில் மட்டுமல்ல, நாட்டில் எந்த மருத்துவமனையிலும் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ் டாக்டரிடம் கஷாயத்தை மறைப்பதும், சித்த வைத்தியரிடம் மாத்திரையை மறைப்பதும் ஒரு காலத்தில் நம் மக்களுக்குக் கைவந்த கலை. இரண்டும் வயிற்றுக்குள் சந்தித்துச் சண்டை போட்டு, ஆளைப் படுக்க வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். குரலின் நடுக்கத்தையும் கண்பாவையின் அசைவையும் படித்துப் பொய்க்குச் சிவப்பு காட்டும் இந்தக் கருவி வந்ததும் அந்தக் கூத்து ஓய்ந்தது. இரு வகை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். "நோயாளி மட்டும்தான் பொய் சொல்வாரா?" என்று சிலர் கொடி பிடித்ததில், டாக்டர் பேசினாலும் விளக்கு எரியவேண்டும் என்று சட்டமாயிற்று. டாக்டர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். நோயாளியோடு வளவளவென்று பேச வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஹரிப்பிரியாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பனியன் கம்பெனியில் தானியங்கித் தையல் எந்திரங்களை மேற்பார்வையிடுபவர். நாள் முழுக்க நின்றபடி வேலை. இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதன் அளவைக் குறைத்தும் ரத்தம் நீர்த்துக்கொண்டே போனது. இன்னும் குறைத்தால் வால்வு அடைத்துக்கொள்ளலாம். குறைக்காவிட்டால் மூக்கில் வந்தது நாளை மூளையிலும் வரலாம்.

நவநீதன் பக்கத்து அறையிலிருந்த சித்த மருத்துவர் ஷமீமாவை அழைத்தார். ஷமீமாவுக்கு அந்தக் கருவியின் மேல் பெரிய மரியாதை கிடையாது.

"காலையில எந்திரிச்சதும் என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"பூண்டு லேகியம் ஒரு உருண்டைங்க. மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எங்க அத்தை கைப்பக்குவமுங்க. முழங்கால் வலிக்கு அதுதானுங்க கேக்குது."

பச்சை.

நவநீதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மருந்தே எடுக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

"லேகியம் மருந்தாங்க டாக்டர்? அது சாப்பாட்டோட சேத்திங்க."

மறுபடியும் பச்சை.

"அவங்க மேல என்ன சார் தப்பு?" என்றார் ஷமீமா. "'உணவே மருந்து'ன்னு ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க நாமதான் எழுதி வெச்சிருக்கோம். எது உணவு, எது மருந்துன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு ஹரிப்பிரியாவிடம் திரும்பினார். "பூண்டும் ரத்தத்தை உறைய விடாதும்மா. சமையல்ல போடறது வேற, உருண்டை உருண்டையா முழுங்கறது வேற. டாக்டர் மாத்திரை பண்ற வேலையையே அதுவும் பண்ணுது. லேகியத்தை நிறுத்திருங்க."

"வலிச்சா?"

"பூசறதுக்குத் தைலம் தர்றேன். பலன் தெரியக் கொஞ்ச நாளாகும்."

"அது வரைக்கும் நான் நிக்கோணுமேங்க. பல்லைக் கடிச்சுப் பாக்கறேன். முடியலீன்னா லேகியம்தான். பொய் சொல்ல மாட்டேனுங்க."

பச்சை. விளக்கு எரியாவிட்டாலும் நவநீதன் நம்பியிருப்பார். வலி மாத்திரைகளில் பலவும் ஹரிப்பிரியாவின் ரத்தத்துக்கு ஆகாது. ஆகக்கூடியதைக் கொடுத்துப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. லேகியத்துக்குத் திரும்பினால் உயிருக்கே ஆபத்து.

இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். உள்ளே இருந்தவை வெறும் மாவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்த மாத்திரைகள். வலி என்று வந்தவர்களில், வேறெதுவும் கொடுக்க வழியில்லாதவர்களுக்குப் பல வருடமாக அதைத்தான் கொடுத்துவருகிறார். நொண்டி வந்தவர்கள் நடந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இது என்னவென்று நோயாளிகள் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இதை வெச்சுச் சமாளியுங்க" என்று நீட்டினார்.

ஹரிப்பிரியா கை நீட்டவில்லை. சற்று முன்புதான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டவர் அல்லவா?

"இது மருந்துதானுங்களே?"

டப்பாவில் இருப்பது என்னவென்று தெரிந்த ஷமீமா தரையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் ஹரிப்பிரியா நேராக லேகியத்துக்குப் போவார். ஆமாம் என்று சொல்லிச் சிவப்பு எரிந்தாலும் அதே லேகியம்தான். அதற்குப் பிறகு நவநீதன் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நவநீதன் டப்பாவை மேசையில் ஹரிப்பிரியாவின் பக்கமாக வைத்தார்.

"மருந்துதாம்மா."

பச்சை எரிந்தது.

ஹரிப்பிரியாவின் முகம் தெளிந்தது. அங்கேயே ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தைலம் வாங்க ஷமீமாவோடு எழுந்து போனார்.

நவநீதன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று, ஆளில்லாத அறையில், "என் பேரு குப்புசாமி" என்று சொல்லிப் பார்த்தார். சிவப்பு. கருவியில் ஒரு குறையுமில்லை. அப்படியென்றால், அந்த மாவை மருந்துதான் என்று அவரே உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறார். இந்த மேசையிலிருந்து எத்தனை ஆயிரம் பேரிடம் "இது நல்ல மருந்து" என்று சொல்லியிருப்பார்! ஒரு தடவைகூடச் சிவப்பு எரிந்ததில்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டதும் உண்டு.

அடுத்த நோயாளி உள்ளே வந்தார்.

"போன தடவை நீங்க கொடுத்தது நல்லாக் கேக்குதுங்க டாக்டர்."

பச்சை எரிந்தது. அதைப் பார்க்க நவநீதனுக்குப் பயமாக இருந்தது.