பதினேழு பேருக்கு முழுக் குணம்

பரம்ஜோத் கௌர், மோகா மாவட்டத்துப் போதை மீட்பு மையங்களின் நோயாளிப் பட்டியலைச் சரிபார்ப்பவள். சிகிச்சை முடித்தவர்களை மாதந்தோறும் துறையின் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்துப் படிவத்தில் குறிப்பாள். அழைக்குமுன் ஓர் ஏலக்காயை வாயிலிட்டுக்கொள்வது வழக்கம்.

அன்று காலை, ஏலக்காயை வாயிலிட மறந்தாள்.

திரையில் அவளுடைய தம்பி நிர்வைலின் பெயர்!

ஒரு மையத்தில் சேர்ந்த ஒன்பதாம் நாளே, 'வெளியேறிய காரணம்: முழுக் குணம்.'

தம்பியோ வீட்டுக்கு வரவில்லை.

அதே மையத்தில் ஏற்கெனவே பதினேழு பேருக்கு முழுக் குணம். ஒருவர்கூட மறுபடி எங்கும் சிகிச்சைக்கு வரவில்லை. இந்நோயில் பாதிப்பேராவது திரும்புவர். அத்தனை அழகான பட்டியலை அவள் அச்செடுத்துக்கொண்டாள்.

நண்பகலில், மைய உரிமையாளன் தில்பாக்கின் எதிரே அமர்ந்திருந்தாள்.

"லஸ்ஸி குடி தங்கச்சி. ஏன் இப்படி வேர்க்குது?"

"என் தம்பி நிர்வைல் பேரும் பட்டியல்ல இருக்கு ஜி. முதல்ல மூணாவது ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கறேன்."

துறை கொடுத்த கைப்பேசியில் எண்ணை அழுத்தினாள்.

மணி ஒலித்தது... தில்பாக்கின் மேசை இழுப்பறைக்குள்.

அவன் எழுந்து கதவைத் தாழிட்டான். இழுப்பறையைத் திறந்தான். பெயர்ச்சீட்டு ஒட்டிய பதினேழு கைப்பேசிகள். ஒலித்ததை எடுத்துக் காதில் வைத்தான்.

"நான் நல்லா இருக்கேன் ஜி. வயல் வேலைக்குப் போறேன்."

மாதந்தோறும் அவள் கேட்ட குரல்...

"கொஞ்சம் இருமினா அஞ்சாவது ஆள். கேக்கறியா?"

சிரித்தபடியே கைப்பேசியை மேசைமேல் போட்டான்.

"அவங்கெல்லாம் எங்கே ஜி?"

"செங்கல் சூளையில. வித்தாச்சு. உன் தம்பி இன்னும் பின்னறையிலதான் இருக்கான். நாலு மணிக்கு வேன் வரும். பதினேழு பேரும் நலம்னு கையெழுத்துப் போடு, அவனைக் கூட்டிட்டுப் போ."

"போடலேன்னா?"

"வேன்ல இன்னொரு சீட்டும் காலியாத்தான் இருக்கு."

அவள் பேனாவைப் படிவத்தின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜி... நீங்க இன்னும் போனை வைக்கலை."

"அதுக்கென்ன?"

"இது துறையோட லைன். நாங்க சரியா விசாரிக்கறோமான்னு மேலதிகாரி கூடவே கேப்பாங்க. இன்னைக்கு அவங்க பக்கத்துல போலீசும் உக்காந்திருக்கு. அவங்க ஜீப் உங்க தெருமுனையிலதான் நிக்குது."

தில்பாக் கைப்பேசியைப் பாய்ந்து எடுப்பதற்குள் கதவு அதிர்ந்தது. ஒருமுறை... இருமுறை... தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

பரம்ஜோத் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தம்பி பேரை அடிச்சிட்டு, அங்கே உங்க பேரை எழுதப்போறேன் ஜி. வெளியேறிய காரணம்... போலீஸ் காவல்."