சிவப்பைத் தொட்ட குரல்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, என் மனைவி இசைப்பிரியாவின் தாய்மாமன் சோமசுந்தரம், பண்ருட்டியிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். துண்டில் சுற்றிய ஓர் இசைத்தட்டை என்னிடம் நீட்டினார்.

"எங்க அக்கா அமிர்தம் பாடனது, மாப்ள. கண்ணாலத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல எடுத்தாங்க. இது ஒண்ணுதான். பரண்ல கெடந்துகினு இருந்துச்சு."

அமிர்தம் அத்தை, இசைப்பிரியாவைப் பெற்ற அன்றே இறந்துபோனவர். தாயின் குரலை மகள் கேட்டதே இல்லை. கேட்க இனி இரண்டே நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். காதுக்குள் கருவி வைப்பார்கள். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் அதோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரீஷியன். பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பைத்தியம். அதில் முக்கியமான வேலை ஒன்றுதான். உரத்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அதற்கும் கீழே பதிவு அளவு வைக்க வேண்டும். ஒலி, அளவு காட்டும் விளக்கில் சிவப்பைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது முழுதாகத் திரும்பாது. அப்படிக் கிழிந்த ஒலி இசைப்பிரியாவுக்கு வெறும் இரைச்சல்.

மாமா கிளம்பியதும் தட்டைக் கழுவி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து அளவு வைத்து, ஓடவிட்டேன். அத்தை மென்மையாகத்தான் ஆரம்பித்தார். மேல் ஸ்தாயியில் சிவப்பு எரிந்தது.

என் அவசரத்தை நானே திட்டிக்கொண்டு அளவைப் பாதியாக்கினேன். மறுபடி சிவப்பு. ஒயரை மாற்றினேன். சிவப்பு. ஒவ்வொரு முறை ஓடும்போதும் முள் அந்த ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் இசைப்பிரியா.

"வந்துடுச்சாங்க?"

இல்லை என்று தலையசைத்தேன். அறையில் பிரசவ வார்டு போல டெட்டால் வாடை அடித்தது.

அளவைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஐந்தாவது முறை ஓட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பாட்டு பாதியில் நின்றது.

"பாப்பா... கேக்குதா?"

அத்தையின் கல்யாணத்துக்கு முன் பதிவான தட்டு அது.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். தட்டைப் பார்த்துக் கெஞ்சினேன்.

"அவளுக்குக் காது சரியா கேக்காது அத்தை. கத்தாதீங்க. மெதுவா பாடுனாதான் நான் அவகிட்ட கொண்டுபோக முடியும்."

பதிலுக்குக் குரல் இன்னும் உயர்ந்தது. திரையில் அலைகளே இல்லை, ஒலி ஒரே கட்டியாக நின்றது.

முள்ளை எடுத்தேன்.

சிவப்பு அணையவில்லை.

வெள்ளிக்கிழமை, அம்மாவின் குரலைக் கேட்காமலே ஆபரேஷனுக்குப் போனாள். கருவியை ஒரு மாதம் கழித்துத்தான் இயக்குவார்கள், அதுவரை எதுவும் கேட்காது என்றார்கள். ஆனால் மறுநாள் காலை, தலையில் கட்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா பாடறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெறும் பிரமை என்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை டிஸ்சார்ஜாகி வீட்டுக்கு வந்ததும் இரண்டு தலையணைகளால் காதை அடைத்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா பாடச் சொல்லுங்க. வலி தாங்கலங்க."

வேறு வழி தெரியாமல் பின்கட்டுக்குப் போய்த் தட்டைச் சுத்தியலால் தூளாக்கினேன். உள்ளே வந்து தாளில் எழுதிக் காட்டினேன்: "உடைச்சுட்டேன்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"தெரியுதுங்க. இப்பதான் மூச்சே விடாம பாடறாங்க."