ஜதுர்ஷிகாவின் மெட்டில் மூன்றாவது ஓசை

சனிக்கிழமை, பிற்பகல் 2.10. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சமூக மண்டபம்.

ஜதுர்ஷிகா ஆறு மாதம் செதுக்கிய 'ரீல்' என்ற ஸ்கொட்டிஷ் துள்ளல் மெட்டு, காலையில் வேறொரு குழுவின் பெயரில் இணையத்தில் ஏறியிருந்தது. ஐந்து மணிக்குள் அது தன்னுடையதென்று நிரூபிக்காவிட்டால் நாட்டார் இசை விழாவிலிருந்து அவள் பெயர் நீங்கும்.

அந்தக் குழுவினர் தைரியசாலிகள். "எங்கள் ஒத்திகை" என்று விழாவுக்கு ஓர் ஒலிப்பதிவும் அனுப்பியிருந்தார்கள். அதில் கேட்டது ஜதுர்ஷிகாவின் பிடில், கிருஷாந்தின் கைமேளம். இருவரும் அந்த மெட்டை ஒரே முறைதான் வாசித்தார்கள்: போன செவ்வாய், இதே மண்டபத்தில். அன்று அங்கே இருந்தது அவளும் அவள் குழுவின் மூவரும் மட்டும்; அவர்களில் யாரோ கைபேசியில் பிடித்திருக்கிறார்கள்.

விசாரித்தவள் அவர்களின் ஒலியமைப்பாளர் கீர்த்திகா. செவ்வாய் அவள் வரவில்லை, கவுன்சிலில் ஷிப்ட். அங்கே பார்க்கிங் அபராத முறையீடுகளை வாசிப்பது அவள் வேலை. பொய் கேட்டு அவளுக்குச் சலிப்பதில்லை, சம்பளம் வருகிறது.

2.30. மோரக். ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ்காரி. ஏழு வயதிலிருந்து தோற்பை பைப் வாத்தியம்.

"தாளம் எப்படிப் பிடிப்பாய்?"

"காலால். ஒவ்வொரு அடிக்கும். கீழ்வீட்டுக்காரர் மூன்று தரம் முறைப்பாடு எழுதிவிட்டார்."

2.40. கிருஷாந்த்.

"தவில்காரன்ர மகன் எண்டா கள்ளனோ, அக்கா?"

"செவ்வாய் உன்ர கை எங்க?"

"ரெண்டும் மேளத்தில. பதிவிலயே கேக்குதே."

2.50. யனுஷன். ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்தவன், கிற்றார். மூன்று வருடத்துக்கு முன் ஜதுர்ஷிகாவோடு இந்தக் குழுவைத் தொடங்கியவன்.

"அண்டைக்கு ஏன் வாசிக்கேல்லை?"

"கம்பி அறுந்திட்டுது. சும்மா இருந்து கேட்டனான்."

"எங்கட சங்கீதம் படிச்சனீயோ?"

"நானோ? ரொக் மட்டும்தான், அக்கா."

3.15. எல்லோரையும் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, பதிவை ஒலிக்கவிட்டாள் கீர்த்திகா. மோரக்கின் சப்பாத்து தரையை அதிரவைத்தது. கிருஷாந்தின் விரல்கள் கதிரையில் உருண்டன. யனுஷனின் வலக்கை தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல்.

கீர்த்திகா பதிவை நிறுத்தினாள்.

"பிடிலுக்கும் மேளத்துக்கும் கீழ ஒரு மொத்தல் சத்தம் கேக்குது. எட்டு எண்ணிக்கையில ஒண்டு, அஞ்சு, ஏழு மட்டும். ஆதி தாளம். தட்டு கேக்கும், விரலும் வீச்சும் கேக்காது. போன் உன்ர சட்டைப்பையில இருந்தது, கை தொடையில இருந்தது. எத்தினை வருசம் படிச்சனீ?"

யனுஷன் கையைப் பார்த்தான், அது வேறு யாருடையதோ போல.

"எட்டு. வாய்ப்பாட்டு."

"மூண்டு வருசம் பக்கத்தில இருந்தனீ," என்றாள் ஜதுர்ஷிகா. "பாடுவன் எண்டு சொல்லவேயில்லை."

"சுத்தமான ஸ்கொட்டிஷ் குழு எண்டு போஸ்டர் அடிச்சது நீ. அதில என்ர பாட்டுக்கு இடமெங்க? மற்றக் குழுக்காரர் நடுவில நிண்டு பாட விடுறம் எண்டவங்கள். ஒரு மெட்டோட வரச் சொன்னவங்கள்."

ஜதுர்ஷிகா கைபேசியை நீட்டினாள். "விழாக்காரருக்கு நீயே சொல்லு."

சொன்னான். இரண்டே நிமிடம்.

3.40. விழா அமைப்பாளர் தொலைபேசியில் ஜதுர்ஷிகாவைக் கேட்டார். உங்கள் இடம் உறுதி. நண்பர் பெயரை மெட்டுக்கு வைப்பது ஸ்கொட்லாந்தில் வழக்கம்தான். உங்கள் படிவத்தில் 'யனுஷனின் ரீல்' என்று இருக்கிறது. அப்படியே அச்சடிக்கலாமா?

யனுஷன் தலை நிமிர்ந்தான். அவனுக்கு அது தெரியாது.

"மெட்டுக்குப் பேரில்லை எண்டு போடுங்கோ," என்றாள் அவள், அந்த ஆங்கிலேயரிடம், தமிழில். பிறகு ஆங்கிலத்தில் ஒருமுறை.