மூச்சுப் பை

ஆடி மழை விடாமல் அடித்த ஒரு புதன்கிழமைக் காலையில் நாகரத்னா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மார்பில் சின்னக் கட்டி. எடுத்துவிட்டால் மறுநாள் வீடு. பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் லீவு போட்டுவிடலாமா என்று நினைத்தேன். கர்நாடகத்து மலைப்பக்கம், சிர்சி ஊருக்கு இந்தப் பக்கம் மயக்க மருந்து கொடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆபரேஷன் செய்தவர் கையைத்தான் எல்லாரும் கும்பிடுவார்கள். தூங்கவைத்தவளை யாருக்கும் நினைவிருக்காது. நாகரத்னாவுக்கு மட்டும் என்னை நன்றாக நினைவிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய ஆறு வயது மகள் சிஞ்சனா இதே மேஜையில், என் கையில்தான் செத்துப்போனாள்.

குடலிறக்கத்துக்கு அரைமணி நேர ஆபரேஷன். குழந்தை ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டேன். ராத்திரியிலிருந்து ஒன்றுமில்லை என்றாள் நாகரத்னா. அவள் பொய் சொல்லவில்லை. காலையில் கணபதி கோயிலில் கொடுத்த பஞ்சகஜ்ஜாயத்தை, பருப்பும் வெல்லமும் நெய்யும் எள்ளும் கலந்த அந்தப் பிரசாதத்தை, ஒரு கைப்பிடி ஊட்டியிருந்தாள். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

லாரிஞ்சியல் மாஸ்க் என்பது ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு மெத்தென்ற கிண்ணம். தொண்டைக்குள் இறக்கினால் மூச்சுக்குழல் வாயில் கவிந்து உட்காரும். மூச்சை ஒழுங்காகக் கொண்டுபோகும். வயிற்றிலிருந்து மேலே வருவதை அது தடுக்காது. சிஞ்சனாவுக்கு வந்தது. வந்ததெல்லாம் நுரையீரலுக்குள் போனது.

பழி முழுக்க தாய் மேல் விழுந்தது. மாமியார் வீட்டில் அவளைத் துரத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மருந்து ஊசி என் கையில் இருந்தபோது அந்தக் குழந்தை சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"டாக்டர் அத்தே, நான் பஞ்சகஜ்ஜாய தின்னேனே."

வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமத்து, தூங்கு என்று சொல்லிவிட்டு நான் மருந்தை ஏற்றினேன்.

இப்போது தாய் படுத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று நாலு தடவை கேட்டேன். எச்சில்கூட விழுங்கவில்லை என்றாள். ஊசியை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, தூங்குறதுக்கு முன்னாடி எம் பொண்ணு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

கை நழுவியது. தூங்கிவிட்டாள்.

புது மாஸ்க்கைப் பிரித்து இறக்கினேன். சுலபமாக உட்கார்ந்தது. இந்த முறையில் நோயாளி தானாகவே மூச்சு விடுவார். பக்கத்தில் மயக்க மருந்து மெஷினில் தொங்கும் கறுப்பு ரப்பர் பை அதற்கேற்ப உப்பிச் சுருங்கும். பழக்கதோஷத்தில் எண்ணினேன்.

நிமிடத்துக்கு இருபத்தெட்டு.

அது ஒரு குழந்தையின் மூச்சு.

நாகரத்னாவின் மார்பைப் பார்த்தேன். அது நிதானமாக, பெரியவர்களுக்கே உரிய வேகத்தில் ஏறி இறங்கியது. பை அதோடு சேரவில்லை.

பிறகு வாசனை வந்தது. நெய், வெல்லம், வறுத்த எள். டெக்னீஷியன் மஞ்சப்பா என் காதருகே குனிந்தார்.

"மேடம், யாராச்சும் உள்ள பிரசாதம் கொண்டாந்தாங்களா?"

மாஸ்க்கிலிருந்து பைக்குப் போகும் குழாயைக் கழற்றினேன். கழற்றினால் பை துவண்டு தொங்க வேண்டும்.

உப்பியது. சுருங்கியது. உப்பியது.

மஞ்சப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். சர்ஜன் குனிந்து கட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. குழாயைத் திரும்ப மாட்டினேன். எப்படியோ முடித்தேன்.

மாஸ்க்கை உருவியதும் நாகரத்னா கண் திறந்தாள். அந்தத் தொண்டையிலிருந்து வந்தது அவள் குரல் இல்லை.

"டாக்டர் அத்தே, சொன்னேன்ல?"

உடனே அவளுடைய சொந்தக் குரல், அழுகையோடு வந்தது. "எம் பொண்ணு வந்தா. உங்ககிட்ட சொன்னாளாம். நெசமாம்மா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். தொண்டையில் ஏதோ வந்து கவிந்து உட்கார்ந்தது. மூச்சு போனது, வந்தது. குரல் வரவில்லை. நாக்கெல்லாம் இனித்தது. வாஷ்பேசினுக்கு ஓடிப்போய்த் துப்பினேன்.

நாலைந்து எள்.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போனாள், கனவுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு. அதன்பிறகு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் குரல் அடைத்துக்கொண்டது. கடைசியில் நடந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அவள் தாய்வீட்டுக்கே போனேன். அண்ணன் கொட்டும் மழையில் வாசலில் நின்றிருந்தான்.

"போன வாரமே போய்ச் சேர்ந்துட்டா. நான் ஊட்டினதுதானே புள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்லிச் சொல்லி, ஒரு வாய்கூடத் தொடல."

காகிதம் என் கைப்பையிலேயே இருந்தது. அதைத்தான், பிறகு நடந்ததையும் சேர்த்து, இப்போது நீங்கள் படிக்கிறீர்கள். படிக்க வேண்டியவள் படிக்கவில்லை.

இன்று காலை மேஜையில் ஆளே இல்லை. மெஷினைக்கூட இன்னும் போடவில்லை. மஞ்சப்பா கதவிலேயே நின்றுவிட்டார். பை அசைந்துகொண்டிருந்தது. நான் எண்ணினேன்.

ஒரு மூச்சு வேகமாக.

ஒரு மூச்சு மெதுவாக.

இப்போது இரண்டு பேர்.