நிஷா போய்ச் சேரும்வரை

அயனம்பாக்கம் ஏரிக்கரைக் குடியிருப்பில் அன்று காலை வாசல் முழுக்க வேப்பம்பூவும் சருகும். பெருக்கக் கூடாது என்று செயலாளர் சுப்பராயன் மாமாவே சொல்லியிருந்தார். இரண்டாம் மாடி நிஷாவின் குடும்பம் இரவுதான் ஜெர்மனிக்கு விமானம் ஏறியிருந்தது. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வாசல் பெருக்குவதாவது!

நிஷாவின் தோழி மதிவதனிக்கு அது வசதியாகப் போயிற்று. சருகுக்கு நடுவே நிஷா கடைசியாகச் சாக்பீஸில் போட்ட பாண்டிக் கட்டம் அப்படியே இருந்தது. ஏழாவது கட்டத்தை அவள் எப்போதும் கோணலாகத்தான் போடுவாள். அதைப் பார்க்கப் பார்க்க மதிக்கு அழுகை முட்டியது.

எட்டு மணிக்கு மாமா இறங்கி வந்தார்.

"பொன்னியம்மா, பெருக்கிக் கழுவிடும்மா. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்கு பிராங்க்பர்ட்னு டிக்கெட்ல போட்டிருந்தது. இறங்கியிருப்பாங்க. வீடு பார்க்க வேற ஆளுங்க வராங்க."

பொன்னியம்மா துடைப்பத்தை எடுத்தார்.

மதிக்கு எங்கேயோ இடித்தது. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று அவளும் நிஷாவும் விமானம் பார்ப்பார்கள். மேலே போய்விட்டால் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் பறக்கும் என்று நிஷா போனைப் பார்த்துச் சொல்வாள். பிராங்க்பர்ட் ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று மூக்கை உறிஞ்சியபடி அவள் சொன்னது நேற்றுத்தான்.

"மாமா, ஆறு மணி நேரத்துல ஐயாயிரம் கிலோமீட்டர்கூடப் போயிருக்க முடியாது. நிஷா இன்னும் நடுவானத்துலதான் இருக்கா."

"டிக்கெட்ல எட்டுன்னு இருக்கே?"

"அது அந்த ஊர் கடிகாரத்துல எட்டு. அங்க இப்ப நாலரைதான். அவ இறங்கும்போது நமக்குப் பதினொன்றரை ஆயிடும்."

மாமா விரல்விட்டு எண்ணினார். அடுத்த நொடி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா சார் நீ, ஒரு இழுப்பு இழுத்துட்டேனே," என்றார் பொன்னியம்மா.

"ஒரு இழுப்பெல்லாம் கணக்குல வராதும்மா. யார்கிட்டயும் சொல்லாதே."

பதினொரு மணிக்கு வீடு பார்க்க வந்தவர்கள் சருகை மிதித்துக்கொண்டே மாடியேறினார்கள். அவர்களுடைய மகள் ஜெபா மட்டும் பாண்டிக் கட்டத்தருகே நின்றுவிட்டாள்.

மிதிக்காதே என்று சொல்ல மதிக்கு வாய்வரை வந்தது. ஆனால், குடிவந்த அன்று நிஷாவும் இதே இடத்தில்தான், இப்படித்தான் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். மதி குனிந்து சில்லை எடுத்து நீட்டினாள்.

"ஏழாவது கட்டம் கோணல். பார்த்து நொண்டு."

சற்று நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. நிஷாவின் குரல்!

"வந்து சேர்ந்துட்டேன்டி. வாசலைப் பெருக்கியாச்சா?"

"இன்னும் இல்லடி," என்றாள் மதி. "உன் ஏழாவது கட்டத்துல ஒருத்தி ஒத்தைக் கால்ல நிக்கிறா."