பன்னிரண்டாவது குறுக்கு

மேலே, கீழே, மேலே, கீழே. எங்கேயும் பிசகவில்லையே. பிசகியிருக்க வேண்டுமே.

எத்னாவின் சுட்டுவிரல் மூன்றாவது முறையாகப் பின்னலைச் சுற்றி வந்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே கோடு. கீழ் மூலையில் மட்டும் ஊசி குத்தியதுபோல ஒரு குழி விரலில் தட்டியது.

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், கில்தாரா அருங்காட்சியகத்தின் பெருமையே, ஒரே கோடு தன்னையே மேலும் கீழுமாகக் குறுக்கே கடந்து போகும் முடிச்சு கொண்ட கல்பலகைதான். மடத்துத் துறவி ஒருவர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கியது. இப்போது கைக்கடியில் இருப்பது அதன் போலி.

காலை 9.10க்குக் பெருக்க வந்த பெகி கண்டுபிடித்தாள். "நாலு ஆம்பளைங்க மூச்சுப் பிடிச்சுத் தூக்குற கல்லு. என் துடைப்பம் பட்டதும் நகருது. ஒண்ணு எனக்குப் பலம் வந்திருக்கணும், இல்ல கல்லுக்குச் சீக்கு வந்திருக்கணும்."

11.30க்கு எத்னாவின் தம்பி லோர்கனைப் பிடித்தார்கள். கல்லறைக் கல் செதுக்குபவன். போன வாரம் பலகையைச் சுத்தம் செய்ததால் அருங்காட்சியகச் சாவி அவனிடம் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை சிறைக்குப் போய்வந்து, ஆறு மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவன். இன்னொரு முறை தாங்கமாட்டான்.

இரண்டு மணிக்கு அவனைக் கால்வே நகருக்குக் கொண்டுபோகும் போலீஸ் வண்டி கிளம்பும். இப்போது 1.25.

"முடிச்சு தெரிஞ்ச கைதானே இதைச் செஞ்சிருக்கு?" என்றாள் சார்ஜண்ட் டெவானி.

"லோர்கன் செஞ்சிருந்தா பன்னெண்டாவது குறுக்குல பிசகியிருக்கும்."

"அவ்வளவு மட்டமான வேலைக்காரனா?"

"அவ்வளவு உண்மையான வேலைக்காரன். அசல்ல அந்த இடத்துல கோடு மூணு தடவை தொடர்ந்து மேலயே போகும். துறவிக்குக் கை தவறியிருக்கு. தேஞ்சுபோனதால போட்டோல தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எங்கம்மா கல்லறையில அவன் செதுக்கினதைப் போய்ப் பாருங்க, அதே பிசகு. குடிச்சிட்டுச் செதுக்கினான்னு ஊரே சிரிச்சுது."

அது அசலிலேயே உள்ள பிசகு என்று அன்று எத்னாவும் சொல்லவில்லை.

"அப்போ இது?"

"அசல் கல்லுல அச்சு எடுத்திருந்தா பிசகும் சேர்ந்து வந்திருக்கும். இது ஒரு படத்தை அப்படியே வச்சு வார்த்தது. என் படத்தை."

கதவருகே நின்ற ஃபின்டன் நிமிர்ந்தான். அருங்காட்சியகத்தின் தலைவன், அவள் கணவன். முடிச்சுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் பயணிகளிடம் "முடிவில்லாத அன்பு" என்பான். எந்தத் துறவியும் அப்படி எழுதிவைக்கவில்லை; மோதிரம் விற்பவர்கள் பின்னால் ஒட்டிய அர்த்தம் அது. அவளும் திருத்தியதில்லை.

"அசலை அளவெடுத்து வரைஞ்சதுன்னு அந்தப் படத்துல கையெழுத்துப் போட்டேன்," என்றாள் எத்னா. " ஆனா பிசகு அசிங்கமாப் பட்டுச்சு, நேராக்கிட்டேன். அதைக் காட்டித்தான் இங்க ஆய்வாளர் வேலையே கிடைச்சுது. வரையறப்போ காம்பஸ் நழுவி மூலையில தாள் ஓட்டையாச்சு. அந்த ஓட்டையும் இதுல வந்திருக்கு, இங்க தொட்டுப் பாருங்க."

டெவானி குழியைத் தொட்டாள். "படம் எங்கே?"

"எந்தப் புத்தகத்துலயும் அச்சாகல. கல்யாணத்துக்கு இவருக்குக் கொடுத்தேன். இவர் மேஜையில பூட்டியிருக்கு."

1.40. வண்டியை நிறுத்தச் சொல்ல டெவானி தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வாசலில் காவலர் நின்றார்.

ஃபின்டன் எத்னாவின் காதருகே குனிந்தான். கழுத்து வேர்த்திருந்தது. "லோர்கனுக்கும் அந்தப் படத்தைக் காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லு, எத்னா. உன் வேலை போகாம நான் பார்த்துக்கறேன். ஜெயில் அவன் ஏற்கெனவே பார்த்த இடம்தானே? நான் அங்க செத்துடுவேன்டி."

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்தக் குரல் காய்ச்சலில் தண்ணீர் கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. டெவானி மேஜையில் விட்டுப்போன தன் வாக்குமூலத் தாளை இழுத்து, ஓரத்தில் முடிச்சைப் போட ஆரம்பித்தாள். மேலே, கீழே, மேலே. பன்னிரண்டாவது குறுக்கில் கை தானாகக் கீழே போகப் பார்த்தது. விடவில்லை. அசலைப்போல மேலேயே கொண்டுபோனாள்.

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இல்ல, ஃபின்டன்," என்றாள் மெல்ல.