உச்சிப்பொழுதில் மூடும் கை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் மரபுமானி என்ற சோதனைக் கருவி சத்தம் போட்டு ஏழு வருடமாகிறது. உச்சிவெயிலில் தண்ணீரை மிச்சம்பிடிக்க இலையை இறுக்கிச் சுருட்டிக்கொள்ளும்படி மரபணு மாற்றிய மக்காச்சோளம்தான் சுருள்சோளம். அதைத் தின்ற மாட்டின் ரத்தத்தில் பயிரின் மரபணு ஒரு துணுக்கு இருந்தாலும் கருவி அலறவேண்டும். சந்தைக்கு வருகிற மாடெல்லாம் அதைத் தின்றவைதான். கருவிதான் வாய் திறக்கவில்லை.

தெய்வசிகாமணி மூன்றாம் தடவையாகப் பசுவின் கழுத்தில் மரபுமானியை வைத்தான். பின்னால் அவன் மனைவி பூங்கோதை, தோளில் குழந்தையோடு.

"பாப்பாவுக்கு எட்டு மாசம். இனி மாட்டுப்பால் குடுக்கோணும். அந்தச் சோளம் இவ ஒடம்புக்குள்ள போயிரக்கூடாதுங்ணா," என்றான் அவன்.

"இன்னொருக்கா வெச்சீங்கன்னா, டாக்டருன்னு நெனச்சு மாடு நாக்க நீட்டிப்போடுமுங் தம்பி," என்றார் தரகர் குப்பண்ணன். பேச்சு அவனிடம், கண் சூரியனிடம்.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது சந்தை வழக்கம். எதிராளி கையை முழுதாக மூடினால் பேரம் படிந்தது; அப்புறம் மறுபேச்சில்லை. உச்சிப்பொழுதில் எதிராளியின் கை தானாக மூடிக்கொள்ளும் என்பதைக் குப்பண்ணன் சில மாதங்களாகக் கவனித்திருந்தார். தன் ராசி என்று எடுத்துக்கொண்டார். விற்கிற மாட்டின் யோக்கியதை தெரிந்தவர் என்பதால் அவர் பால் தொடுவதில்லை. வரக்காப்பிதான்.

துண்டு விழுந்தது. இரட்டிப்பு விலைக்கு விரலைப் பிடித்தார். கை மூடியது.

"படிஞ்சுதுங் தம்பி!"

"நான் மூடலீங்ணா. தானா மூடுது. தொறக்க மாட்டேங்குது."

குப்பண்ணன் சிரித்துக்கொண்டே கையை இழுத்தார். வரவில்லை. இத்தனை நாளும் கண்சிமிட்டும் நேரத்தில் விட்டுவிடும். இன்று அக்கினி வெயில். நிமிர்ந்து பார்த்தார். சந்தை முழுக்கத் துண்டுகள் அசையவில்லை. டீக்கடைக்காரர் கிளாசைப் பிடித்தபடியே நின்றார். காற்று ஒன்று வீசியது. எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

தெய்வசிகாமணியின் இன்னொரு கையும் சுருண்டு மரபுமானியின் முனையை இறுக்கியது. ஏழு வருடத்தில் முதல்முறையாக அது அலறியது.

"மாட்டுல இல்லாதது எனக்கு எப்படிங்ணா?"

குப்பண்ணன் பசுவின் மடியைப் பார்த்தார். "மாடு அதைத் தங்கவிடலீங் தம்பி. பூராவும் பால்ல எறக்கிவிட்டிருக்குது."

"பாப்பா குடிக்கறது எம்பால்தானே!" என்றாள் பூங்கோதை. பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையை. "தெனமும் மத்தியானம் இப்பிடித்தானுங்க மூடிக்குவா. தூக்கம்னு நெனச்சேன்."

பசு முன்னால் கிடந்த வைக்கோலை விட்டுக் கழுத்தை நீட்டியது. குழந்தையின் மூடிய கையை முகர்ந்தது. நாக்கை வெளியே எடுத்தது. பூங்கோதை பின்வாங்கப் பார்த்தாள். கால் மண்ணைவிட்டுக் கிளம்பவில்லை.

"மாட்டப் புடிங்கண்ணா!"

அந்தச் சந்தையில் திறந்திருந்த கைகள் குப்பண்ணனுடையவை மட்டும்தான். ஒன்று துண்டுக்குள் மாட்டியிருந்தது. இன்னொன்றை நீட்டினார். கயிறு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்தன.